காய்ச்சல் தணிந்த பிறகு வரும் மாதங்கள்

உவர்மலை,
திருகோணமலை.
2025 ஐப்பசி

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் தம்பியின் நிணநீர்ப் புற்றுநோய் இரண்டாம் சுற்று மருந்துக்குப் பிறகும் தலைகாட்டியிருப்பதை அவனே போன கிழமை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆனால் மும்பைக்குப் போய் கார்-டி சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் அவனைப் பார்க்கும் வைத்தியர் சொன்னதையும், அதன் செலவை நீ லண்டனிலிருந்து பொறுப்பேற்கப் போவதையும் உன் எழுத்தில்தான் அறிந்தேன். "அவனுடைய சொந்தக் கலங்களைத்தானே திருப்பி ஏற்றுகிறார்கள், அதில் அப்படி என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறாய். நான் வைத்தியன் அல்லன். ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன்னால் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் படிப்பை விடவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன், முடிவை வைத்தியரோடு பேசி எடுங்கள்.

சொந்தக் கலம் தீங்கு செய்யாது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்தச் சிகிச்சையில் நோயை அழிப்பதும் அந்தக் கலங்களின் பலம், ஆளை வருத்துவதும் அதே பலம். முதலில் தம்பியின் இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் ஊடாகச் சில மணி நேரம் ஓட்டி, வெண்குருதிக் கலங்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை உடலுக்குள் திருப்பி விடுவார்கள். (இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டைச் சுற்றி விறுவிறுக்கும், தாதியிடம் சொன்னால் கல்சியம் கொடுப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை.) பிரித்தெடுத்தவற்றில் டி-கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களுக்குள், நோய் உண்டாக்க முடியாதபடி மாற்றிய வைரஸ் ஒன்றின் மூலம் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். அதன்பின் அந்தக் கலங்களின் மேற்பரப்பில், சிடி19 என்ற புரதத்தை இனங்கண்டு பிடிக்கும் வாங்கிப் புரதம் ஒன்று உண்டாகிறது. தம்பியின் நோய்க் கலங்கள் சிடி19 ஐத் தாங்கியவை என்பதால் அவை இலக்காகின்றன. மாற்றிய கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கி எடுக்க இரண்டு முதல் நான்கு கிழமை வரை ஆகலாம். அந்த இடைவெளியில் நோய் கைமீறி வளர்ந்துவிடுவதும் ஓர் ஆபத்துத்தான், ஆனால் பக்க விளைவுகளின் பட்டியலில் அதை எவரும் எழுதுவதில்லை. கலங்களை ஏற்றுவதற்கு முன்னர் புளுடாரபின், சைக்ளோபொஸ்பமைட் என்ற இரண்டு மருந்துகளைச் சில நாட்களுக்குக் கொடுத்து, உடம்பில் ஏற்கனவே இருக்கும் டி-கலங்களைக் குறைத்துப் புதியவற்றுக்கு இடம் செய்வார்கள். இரத்தக் கலங்களின் எண்ணிக்கை சரியத் தொடங்குவது அங்கேதான்.

ஏற்றிய முதல் நாட்களில் காய்ச்சல் வரும். வராதவர்கள்தான் குறைவு என்று சொல்ல வேண்டும். இலக்கைக் கண்ட டி-கலங்கள் ஒன்றுக்கு ஆயிரமாகப் பெருகி, சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களை இரத்தத்தில் கொட்டுகின்றன. மற்ற நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) கலங்களும் அதில் சேர்ந்துகொள்ள, குருதியமுக்கம் விழுகிறது, ஒட்சிசன் குறைகிறது. அக்சிகப்டஜீன் என்ற அமெரிக்கக் கார்-டி தயாரிப்பை நிணநீர்ப் புற்றுநோயில் சோதித்த முதன்மை ஆய்வில், அதைப் பெற்ற 101 பேரில் 93 சதவீதமானவர்களுக்கு இந்தச் சைட்டோகைன் கொந்தளிப்பு ஏதோ ஒரு அளவில் ஏற்பட்டது. கடுமையாக ஏற்பட்டது 13 சதவீதத்தினருக்கு. இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டவன் சிகிச்சையே வேண்டாம் என்பான், இரண்டாவதை மட்டும் கேட்டவன் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில்கூடச் செய்யலாம் என்பான்.

இந்தக் கட்டத்துக்கு மருந்து கிடைத்த கதை உனக்குப் பிடிக்கும். 2012 இல் பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலையில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு, இரத்தப் புற்றுநோய் இரண்டு முறை திரும்பிய பின், இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். உலகில் இதைப் பெற்ற முதற் குழந்தை அவள். காய்ச்சல் ஏறிச் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்றே எண்ணினார்கள். இரத்தத்தைச் சோதித்தபோது இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் மிக உயர்ந்திருந்தது. ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய கார்ள் ஜூனின் மகளுக்குச் சிறுவயதிலிருந்தே மூட்டுவாதம். அந்த வழியில், இன்டர்லூக்கின்-6 ஐத் தடுக்கும் டொசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்தை அவர் அறிந்திருந்தார். அதைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் குழந்தை தேறத் தொடங்கி, தன் ஏழாவது பிறந்த நாளில் கண்விழித்தாள். 2017 ஆகஸ்ட் 30 ஆம் திகதி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதலாவது கார்-டி தயாரிப்புக்கு அனுமதி வழங்கியபோது, அதே நாளில் டொசிலிசுமாப்புக்கும் இந்தப் பயன்பாட்டுக்காக அனுமதி கொடுத்தது. ஆகவே மும்பையில் நீ கேட்க வேண்டிய முதற் கேள்வி, தம்பியின் கட்டிலுக்கென்று அந்த மருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா, அதன் விலை கொடுத்த மதிப்பீட்டுக்குள் அடங்குமா என்பதுதான்.

அடுத்தது மூளை சம்பந்தப்பட்டது. காய்ச்சலோடு சேர்ந்தோ, காய்ச்சல் விட்ட சில நாட்களிலோ, ஆள் தடுமாறத் தொடங்கலாம்: சொல் வாயில் வராது, கை நடுங்கும், இடம் தெரியாது, கடுமையானால் வலிப்பு வரும், நினைவும் தப்பும். மேலே சொன்ன அதே ஆய்வில் கடுமையான நரம்புப் பாதிப்பு 28 சதவீதத்தினருக்கு ஏற்பட்டது. பெரும்பாலும் நாட்களில் அல்லது கிழமைகளில் மாறிவிட்டது. ஆனால் எல்லாத் தயாரிப்பும் ஒன்றல்ல. 2016 இல் வேறொரு நிறுவனத்தின் ஆய்வில் பங்குபற்றியவர்கள் சிலர் மூளை வீங்கி இறந்தபின் அந்தத் தயாரிப்பையே கைவிட்டார்கள். டொசிலிசுமாப் மூளைக்குள் நன்றாகச் செல்லாது என்பதால் இங்கே ஸ்டீரொயிட்டே முதல் ஆயுதம். தம்பிக்கு நீரிழிவு இருக்கிறது. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டைத் தொடங்கினால் சீனி தாறுமாறாக ஏறும் என்பதை அங்குள்ளவர்களுக்கு முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பாதிப்பைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருக்கும் சோதனை ஸ்கேன் அன்று. தாதி ஒருவர் தினமும் கட்டிலருகே வந்து கேட்கும் பத்துப் புள்ளிக் கேள்விகள். என்ன ஆண்டு, என்ன மாதம், எந்த நகரம், எந்த வைத்தியசாலை என்பதற்கு நான்கு புள்ளி. மூன்று பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வதற்கு மூன்று. சொன்னதைச் செய்வதற்கு ஒன்று. நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவதற்கு ஒன்று. ஒரு முழு வசனம் எழுதுவதற்கு ஒன்று. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு வசனம். நேற்று எழுதிய வசனத்துக்குக் கீழே இன்றையதை எழுதினால், எழுத்து சிறுத்துச் சாய்வதும், ஓர் எழுத்தின் மேல் இன்னொன்று ஏறுவதும், மற்ற அடையாளங்கள் வருவதற்கு முன்பே தாளில் தெரிந்துவிடும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுதுவினைஞராக இருந்த உன் தம்பியின் கையெழுத்து எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், அச்சுக் கோத்தாற்போல் இருக்கும். ஆனால் மும்பையில் தாதியர் அவனிடம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் கேட்பார்கள். அவனுக்கோ ஆங்கிலம் யோசித்துத்தான் வரும். அந்த யோசனையைத் தடுமாற்றமென்றும், தடுமாற்றத்தை யோசனையென்றும் அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே கலங்களை ஏற்றுவதற்கு முன்பே தமிழில் ஒரு வசனத்தை எழுதி வைத்து, அதையே தினமும் எழுதச் செய்யுங்கள். அவனுடைய பேச்சையும் எழுத்தையும் வருடக்கணக்கில் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அவன் மனைவி, உன் மைத்துனி, போவதே நல்லது. அவன் மகனை அனுப்புவதென்று நீ எழுதியிருக்கிறாய், அவன் கெட்டிக்காரன்தான், ஆனால் தகப்பனோடு அதிகம் பேசாத பிள்ளை.

இவை இரண்டும்தான் எல்லாரும் பேசும் ஆபத்துகள். நான் உனக்கு எழுத நினைத்தது வேறு. 2024 இல் நேச்சர் மெடிசின் ஆய்விதழில், கார்-டி பெற்ற 7,604 பேரின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. புற்றுநோய் திரும்பியதால் அல்லாமல் வேறு காரணங்களால் இறந்தவர்கள் 6.8 சதவீதம். அந்த இறப்புகளில் பாதிக்குச் சற்று மேல் கிருமித் தொற்றினால். சைட்டோகைன் கொந்தளிப்பு, மூளைப் பாதிப்பு, நிர்ப்பீடனக் கலங்கள் கட்டுமீறித் தம் உடலையே தின்னும் அரிய நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தே 11 சதவீதம் அளவுதான். அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்னால் குடும்பமே காத்திருக்கும் அந்த நாட்களைக் காட்டிலும், எல்லாம் முடிந்தது என்று மாலை போட்டு வரவேற்ற பிறகு வரும் மாதங்களில்தான் உயிர் அதிகம் போகிறது. உன் பணத்தையும் கவனத்தையும் முதல் மாதத்திலேயே தீர்த்துவிடாதே என்று நான் சொல்வது இதனால்தான்.

காரணம் சிகிச்சையின் வேலையிலேயே இருக்கிறது. சிடி19 புற்றுநோய்க் கலத்துக்கு மட்டும் உரியதன்று. பி-கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களில் நல்லவையும் அதைத் தாங்கியவை. களையையும் பயிரையும் பிரித்தறியாத களைகொல்லியைப் போல, ஏற்றிய கலங்கள் இரண்டையும் அழிக்கின்றன. பி-கலம் இல்லாவிட்டால் கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரி உண்டாகாது. இந்த நிலை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இரத்தத்தில் ஐ.ஜி.ஜி என்ற பிறபொருளெதிரியின் அளவு டெசிலீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே போய்த் தொற்றுகளும் திரும்பத் திரும்ப வந்தால், மாதமொருமுறை பிறபொருளெதிரிகள் அடங்கிய இம்யூனோகுளோபியூலின் ஏற்ற வேண்டிவரும். அது மலிவான மருந்தன்று. இதற்கு மேல், இரத்தக் கலங்களை உண்டாக்கும் என்புமச்சை சோர்ந்துபோவதால், பற்றீரியாவை எதிர்க்கும் நியூட்ரோபில்களும் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளும் விழுகின்றன, ஒருமுறை ஏறி மறுபடியும் விழுகின்றன. உன் கடிதத்தில் நீ குறிப்பிட்ட நெக்ஸ்கார்19 என்ற கார்-டி தயாரிப்பு, மும்பை ஐ.ஐ.டியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி 2023 ஒக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. காய்ச்சலும் மூளைப் பாதிப்பும் அதில் மென்மையாக இருப்பதாகப் பெயர். உண்மைதான். ஆயினும் அதன் ஆய்வில் 96 சதவீதத்தினருக்கு நியூட்ரோபில்கள் கடுமையாகக் குறைந்தன, 65 சதவீதத்தினருக்குச் சிறுதட்டுகள். மென்மையானது என்ற சொல்லை விளம்பரத்தில் வாசிக்கும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

இனி நம் ஊர் விஷயம். தம்பி மார்கழி மாரியில் திரும்பி வருவான் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வீடு டெங்கு என்பார்கள், பனடோலைக் கொடுத்து மூன்றாம் நாள் எப்.பி.சி என்ற இரத்தக் கல எண்ணிக்கைச் சோதனை பார்ப்பார்கள். சிறுதட்டு ஏற்கனவே குறைந்திருக்கும் அவனுடைய அறிக்கையைப் பார்த்தால் எவருக்கும் டெங்கு என்றே தோன்றும். உண்மையில் நியூட்ரோபில் இல்லாத உடம்பில் பற்றீரியா இரத்தத்தில் பரவிக்கொண்டிருக்கக்கூடும். அப்படிப்பட்டவனுக்கு மூன்று நாள் பொறுத்திருக்க நேரமில்லை. காய்ச்சல் கண்ட அந்த மணியிலேயே வைத்தியசாலை, கிருமியைக் கண்டறியக் குருதி வளர்ப்புச் சோதனை, நாளத்தினூடாக நுண்ணுயிர்கொல்லி. மழைக்காலத்தில் எனக்கிருக்கும் இன்னொரு பயம் மெலியோய்டோசிஸ் என்ற பற்றீரியாத் தொற்று. நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் அந்தக் கிருமி நீரிழிவுக்காரரைத் தேடிப் பிடிக்கும். வழக்கமான நுண்ணுயிர்கொல்லிகள் பலவற்றுக்கு அடங்காது. வளர்ப்புத் தட்டில் அதைக் கண்டாலும் வேறொரு சாதாரணக் கிருமி என்று ஒதுக்கிவிடுவது எளிது. தம்பிக்கு நிலாவெளித் தோட்டம்தான் உயிர். ஒரு வருடத்துக்கு மண்ணில் கைவைக்கக் கூடாது, வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்கக் கூடாது என்று நான் அவனிடம் சொன்னேன், சிரித்தான். நீ அண்ணன், நீ சொன்னால் கேட்பான்.

பழைய தொற்றுகள் விழித்துக்கொள்வதும் உண்டு. ஹெப்படைற்றிஸ் பி எப்போதோ வந்து மாறியிருந்தாலும், பி-கலங்கள் அழிந்த பின் அந்த வைரஸ் மீண்டும் எழுந்து ஈரலையே கெடுக்கலாம். முன்கூட்டியே சோதித்து மாத்திரை தொடங்கினால் தடுக்க முடியும். காசநோயையும் அப்படியே பார்க்கச் சொல். தொற்று வராமல் தடுக்கக் கோ-டிரைமொக்சசோல், அசைக்ளோவிர் என்று மாதக்கணக்கில் மாத்திரைகள் எழுதிக் கொடுப்பார்கள். உடம்பு தேறிவிட்டது என்று அவற்றைத் தானாக நிறுத்துவதுதான் நம்மவர்களின் வழக்கம்.

இரண்டாவது புற்றுநோய் பற்றிக் கேட்டிருந்தாய். ஏற்றிய டி-கலமே புற்றாக மாறலாம் என்ற செய்தி மெய். 2023 கார்த்திகையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை ஆராயத் தொடங்கி, 2024 தையில் எல்லாத் தயாரிப்புகளின் மருந்துக் குறிப்பிலும் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. அப்போது அந்நாட்டில் 27,000 க்கும் மேற்பட்ட தடவைகள் இந்தக் கலங்கள் ஏற்றப்பட்டிருந்தன. அறிவிக்கப்பட்ட டி-கலப் புற்றுகள் 22. புற்று திரும்பிய ஒருவனுக்கு இதை ஒரு காரணமாகச் சொல்லிச் சிகிச்சையை மறுப்பது அறிவன்று. ஆனால் ஆயுள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும்.

உன்னோடு வேலை செய்பவரின் குடற் புற்றுநோய்க்கு இதைச் செய்யலாமா என்றும் எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு, முறையான ஆய்வுக்கு வெளியே, இல்லை என்பதே என் பதில். பி-கலங்கள் இல்லாமல் மருந்தின் துணையோடு வாழலாம். நுரையீரலோ இருதயமோ இல்லாமல் வாழ முடியாது. 2010 இல் வெளியான ஓர் அறிக்கையில், குடற் புற்று பரவிய நோயாளி ஒருவருக்கு ஹெர்2 என்ற புரதத்தைக் குறிவைத்த கலங்களை ஏற்றியபோது, நுரையீரற் கலங்களில் மிகக் குறைவாக இருந்த அதே புரதத்தை அவை கண்டுகொண்டன. பதினைந்து நிமிடத்தில் மூச்சுத் திணறல், ஐந்தாம் நாள் மரணம்.

தம்பியைப் பொறுத்தவரை, போகத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அக்சிகப்டஜீன் ஆய்வில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 43 சதவீதம் அளவு; இந்த நோய் இப்படித் திரும்பியவர்களுக்கு அதற்கு முன்னர் எவரும் வாக்களித்திராத எண் அது. இந்தியத் தயாரிப்பில் நோய் மசிந்தவர்கள் 73 சதவீதம், ஆனால் அவர்களில் எத்தனை பேர் நெடுநாள் நிலைப்பார்கள் என்பதற்கு இன்னும் காலம் வேண்டும். அமெரிக்காவில் சிகிச்சை நிலையத்துக்கு அருகே தங்கும் கட்டாயத்தை நான்கு கிழமையிலிருந்து இரண்டாக 2025 ஆனியில் குறைத்திருக்கிறார்கள். அது அங்கே வீட்டிலிருந்து புறப்பட்டால் உடனே நிபுணரிடம் சேரக்கூடியவர்களுக்கு. இவனுக்கோ விமானம், பிறகு கொழும்பிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ரோட்டு. மும்பையில் முழு மாதமும் இருக்கட்டும். அதன் பிறகும் நேரே இங்கே வராமல் மகரகமவுக்குக் கிட்ட இரண்டு மாதம் ஓர் அறை எடுத்துத் தங்கட்டும். அந்த வாடகையையும் இம்யூனோகுளோபியூலின் செலவையும் இப்போதே ஒதுக்கிவை.

ஊர் திரும்பும்போது பணப்பையில் ஓர் அட்டை இருக்க வேண்டும்: கார்-டி பெற்றவர், ஏற்றிய திகதி, மருந்தின் பெயர், மும்பை வைத்தியரின் தொலைபேசி. நள்ளிரவில் அவசரப் பிரிவில் கடமையிலிருக்கும் இளம் வைத்தியர் இந்தச் சிகிச்சை பெற்ற ஒருவரையும் அதுவரை கண்டிருக்கமாட்டார், அது அவருடைய குற்றமன்று. இரத்தம் ஏற்றுவதானால் கதிரூட்டிய இரத்தமே வேண்டும் என்றும், நிபுணரைக் கேளாமல் இருமலுக்கும் இளைப்புக்கும் ஸ்டீரொயிட் கொடுக்கக் கூடாது என்றும், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி போடக் கூடாது என்றும் அதில் எழுதுங்கள். இன்னொன்று ஆய்வுகூடக்காரனாகச் சொல்கிறேன்: மரபணுவைச் செலுத்தப் பயன்படுத்தும் லென்டிவைரஸ் எச்.ஐ.வியிலிருந்து ஆக்கப்பட்டது என்பதால், வைரசின் மரபணுவைத் தேடும் எச்.ஐ.வி சோதனைகள் சில பொய்யாக நேர்மறை காட்டலாம். சின்ன ஊர், அறிக்கை கைமாறினால் கதை எப்படிப் போகும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அட்டையில் அதையும் சேர்.

அட்டையின் தமிழ், சிங்கள, ஆங்கில வடிவங்களை நானே எழுதித் தருகிறேன். அவனுடைய ஹெப்படைற்றிஸ் பி அறிக்கையில் மேற்பரப்புப் புரதச் சோதனை மட்டுமே இருக்கிறது, மையப் புரதத்துக்கான பிறபொருளெதிரியைப் பார்க்கவில்லை; செவ்வாய்க்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்விக்கிறேன். மும்பையிலிருந்து வந்த செலவு மதிப்பீட்டின் பிரதியை எனக்கும் அனுப்பு. எவை சேர்க்கப்படவில்லை என்று பார்த்து எழுதுகிறேன். மைத்துனிக்குக் கடவுச்சீட்டு இருக்கிறதா?

இப்படிக்கு,
உன் பழைய வகுப்புத் தோழன்